எந்தத் தலையைக் கும்பிடுகிறோம்

ஐந்தாவது வரைதான் படித்தேன். எழுத்து கோணலாக வரும், பாதி மறந்தும் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வராந்தா பெருக்குகிறேன். நேற்று பதினொன்றாம் வகுப்பு டீச்சர் ஒரு நாவலை நடத்தத் தொடங்கும் முன், அப்பா சொன்னதற்காக அம்மாவின் தலையை வெட்டிய மகனின் புராணக் கதையைச் சொல்லி, "அவன் செஞ்சது சரியா?" என்று கேட்டார்.

சின்ன வயதில் சிலேட்டைத் துடைத்த கோவை இலை வாசனை மறுபடி மூக்கில் ஏறியது. எங்கள் ஐந்தாம் வகுப்பு சாரும் இதே கதையைச் சொல்லி இதையேதான் கேட்டார். எல்லாரும் "சரி சார்" என்றார்கள். வாயே திறக்காத நான் எழுந்தேன்.

"அப்ப பெரியபாளையம் கோயில்ல வெட்டுனவன வுட்டுட்டு, அந்தம்மா தலைய இன்னாத்துக்கு சார் கும்புடறோம்?"

"பெரிய வக்கீலு இவ. சரின்னு சொல்லிட்டு உள்ள வா" என்று வெயிலில் நிற்கவைத்தார். மணி அடிக்கும்வரை நான் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை.

"வாத்தியார எதுத்துக்கினு இன்னா படிப்பு?" என்று நைனா என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டே நிறுத்திவிட்டார்.

நேற்று துடைப்பத்தோடு நின்ற என்னை டீச்சர் பார்த்துவிட்டார். "நீங்க என்ன சொல்றீங்க ஆயா?"

அன்று சாரிடம் கேட்டதையேதான் சொன்னேன். பிள்ளைகள் சிரிக்கவில்லை.

கதையை எங்காவது மாற்றிச் சொல்லியிருந்தால் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள். என் கேள்வியை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.