அப்பா படத்துக்கு மேல குண்டு எழுத்து

கிள்ளான்லயே என்னை மாதிரி போஸ்டர் டிசைன் பண்ண ஆள் கெடையாது. பொய்தான். எனக்குத் தெரிஞ்சது போன்ல ஒரு ஆப், அதுல ஒரே ஒரு எழுத்து ஸ்டைல். முனையே இல்லாம, குண்டு குண்டா, பால் குடிச்சிட்டுத் தூங்குற குழந்தை மாதிரி இருக்கும். வேற எழுத்து எங்க இருக்குன்னு தேடத் தெரியாது. ஆறாம் ஆண்டோட நின்னவன், லோரி ஓட்டுறவன்.

அதுல முறுக்கு ஆர்டருக்குப் போட்டிருக்கேன், கார் வாஷுக்குப் போட்டிருக்கேன். முக்காவாசி பிறந்தநாள்தான். சொந்தத்துல, கூட்டாளிங்கள்ல யாருக்கு வந்தாலும் படத்தைப் போட்டு, மேல குண்டு எழுத்துல ரெண்டு வரி போட்டு வாட்சப் குரூப்ல விட்டுருவேன். குரூப்ல பாதிப் பேரு மலாய் ஸ்கூல்ல படிச்சவங்க, தமிழ் வாசிக்க வராது. அந்த எழுத்தைப் பாத்தாலே கேக் படம் அனுப்பிருவாங்க.

போன மாசம் அப்பா காணாமப் போனாரு. மறதி வியாதி. சாலாக் செலாத்தான்ல தங்கச்சி வீட்டுல இருந்தவரு, கேட் தெறந்து கெடந்த நேரம் பாத்து நடந்துட்டாரு. போலீஸ்ல சொல்லிட்டு, நானே போஸ்டர் போட்டேன். அவரு சிரிக்கிற படம், மேல ‘காணவில்லை’, கீழ என் நம்பரு. எந்த எழுத்துன்னு கேக்கணுமா?

அஞ்சு நிமிஷத்துல குரூப் முழுக்க கேக், பலூன். ‘அங்கிள் நூறு வயசு இருக்கணும் லா’ன்னு ஒருத்தன். மலாய்லயும் தமிழ்லயும் வாய்ஸ் போட்டுக் கத்துனேன். கொஞ்சம் பேருதான் கேட்டாங்க.

மூணு நாள் கழிச்சு பிரிக்பீல்ட்ஸ்ல கடை கடையா படத்தைக் காட்டிட்டுப் போனேன். ஒரு பூக்கடைக்காரன், எங்க குரூப்புதான், பாத்ததும் சிரிச்சான்.

“அன்னிக்கே அங்கிளைப் பாத்தேனே அண்ணே. பர்த்டே விஷ் பண்ணி, டீ வாங்கிக் குடுத்து, மாலை கூடப் போட்டு விட்டேன்.”

எங்க போனாருன்னு கேட்டேன். மோனோரயில் பக்கம் கையக் காட்டுனான். விஷயத்தைச் சொன்னதும் அப்படியே ஸ்டூல்ல உக்காந்துட்டான்.

“என் கையப் புடிச்சிட்டு எந்திரிக்கவே மாட்டேன்னாரு அண்ணே. நான்தான், வீட்டுல கேக் வெட்டக் காத்திருப்பாங்க, போங்க அங்கிள்னு அனுப்பி வெச்சேன்.”

அவன என்னன்னு திட்டுறது? போஸ்டர் போட்ட மேதாவி நான்.

அப்புறம் தங்கச்சி மக கறுப்பா, நேர் கோடா இருக்குற எழுத்துல மாத்திக் குடுத்தா. யாரு பாத்தாலும் காணாமப் போனவருன்னு தெரியும். அதை அனுப்பினா குரூப்ல ஒருத்தரும் ஒண்ணும் எழுதல. அந்த பலூனுங்களே தேவலாம் போல இருந்துச்சு.

நேத்து ஷா ஆலம்ல சாமான் எறக்கிட்டு வரேன், பஸ் ஸ்டாப்புல ஒரு பெரியவரு முதுகக் காட்டிட்டு உக்காந்திருக்காரு. அப்பா போட்டுட்டுப் போன அதே நீலச் சட்டை. லோரிய நடுரோட்டுல விட்டுட்டு ஓடினேன், பின்னாடி ஆரன் அடிக்கிறான், கிட்டப் போயி தோள்ல கைய வெச்சு…

இருங்க, பொண்டாட்டி கூப்புடுறா. ஆஸ்பத்திரிலேருந்து போன் வந்திருக்காம். பேரு தெரியாத ஒருத்தரு இருக்காராம், வந்து மொகத்தப் பாக்கச் சொல்றாங்களாம். இது மூணாவது தடவை. போயிட்டு வரேன்.