படத்தில் குனிந்து நிற்பவன்

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். இந்தியில் ஒரு சொல் தெரியாமல் சேலத்திலிருந்து டெல்லிக்கு வந்தேன். துவாரகாவில் சொந்த ஃபிளாட் வாங்கினேன், மகனை இன்ஜினீயர் ஆக்கினேன். நீங்கள் சாப்பிட்ட சப்பாத்தியிலும் என் கைவேலை உண்டு. சிரிக்காதீர்கள்.

போன வாரம் சாணக்யபுரியில் ஒரு கண்காட்சி. கோதுமை ஆராய்ச்சியில் வெளிநாட்டாரும் நம்மவர்களும் சேர்ந்து உழைத்த கதையாம். ஒரு படத்தில் வெளிநாட்டுப் புரொபசர், நம் அதிகாரி, நடுவில் குனிந்தபடி ஒருவன். அவர்கள் இருவருக்கும் பெயர் போட்டிருந்தார்கள். குனிந்தவன் வெறும் ‘தொழிலாளி’. அது நான்.

படத்தில் என் கையில் சாமணம், அந்தச் சின்ன இடுக்கி, இருந்தது. பார்த்ததும் பச்சைக் கதிர் வாசனை மூக்கில் ஏறிவிட்டது. ஆராய்ச்சி வயலில் அதுதான் என் வேலை. இரண்டு ரகக் கோதுமையைக் கலப்பதென்றால் சும்மாவா? ஒரு ரகத்தின் பூக்களைத் திறந்து, மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்து, காகித உறை மாட்ட வேண்டும். மூன்றாம் நாள் காலை மற்ற ரகத்தின் மகரந்தத்தைச் சாமணத்தால் எடுத்துத் தூவ வேண்டும். தவறினால் ஒரு வருடம் வீண். பயிரில் செம்பொடியாகப் படரும் துருநோய் தாக்காத விதையைப் புரொபசர் கொண்டுவந்தார். நம் கோதுமையோடு அதைச் சேர்த்தது என் விரல்.

“என்னய்யா அஞ்சாங்கிளாஸ் டாக்டர், இன்னிக்கு எத்தனை ஆபரேஷன்?” என்பார் அதிகாரி, கும்பகோணத்துக்காரர்.

“உங்க கை படாததெல்லாம் பொழைச்சுக்கும் சார்” என்பேன்.

அப்படி ஒரு மூன்றாம் நாள் விடியலில் என் மனைவி சரோஜாவுக்கு வலி எடுத்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் தயங்கி நின்றேன்.

“போயிட்டு ஜல்தி வாங்க. நின்னு என்ன, நீங்களா பெக்கப் போறீங்க?” என்றாள்.

வேறு ஆளை அனுப்பியிருக்கலாம். என் கைக்கு ஈடு யார் என்ற திமிர். அன்று காலை எடுத்ததுதான் அந்தப் படம்.

மத்தியானம் திரும்பினேன். பெண் குழந்தை பிறந்து, கொஞ்ச நேரம் இருந்து, போய்விட்டிருந்தது.

“உங்க மூக்குங்க அவளுக்கு” என்றாள் சரோஜா.

அன்று சேர்த்த கதிர்களிலிருந்துதான் சில வருடம் கழித்துப் புதிய ரகம் வந்தது. அதில் அரைத்த மாவு எனக்கு ஒரு பை கொடுத்தார்கள். அதைப் பிசையும்போது சரோஜா என் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது அந்த வயலில் கட்டடம் நிற்கிறது. அந்த ரகத்தையும் துருநோய் தாக்கியதால், விதைப்பதை நிறுத்திவிட்டார்கள். சரோஜாவும் போய்விட்டாள். கண்காட்சி நடத்துகிறவர்களே, அன்று காலை நான் இருந்திருக்க வேண்டிய இடம் வேறு. ஆனாலும் உங்கள் வயலில் நின்றேன். ‘தொழிலாளி’ என்ற அந்தச் சொல்லை அழித்துவிட்டு என் பெயரைப் போடுங்கள்.