பூந்தமல்லி பஸ்ஸில் தொலையாத புத்தகம்

செவ்வாய்க்கிழமை காலை அம்பத்தூரில் என் அலுவலகத் தொலைபேசி ஒலித்தது. ஆவடித் தொழிற்சாலையிலிருந்து பழைய நண்பர் ஒருவர். "சார், நம்ம லோகு போய்ட்டாரு சார். ஷிப்டுக்குக் கெளம்பச்சொல்லோ நெஞ்சு வலிக்குதுன்னு ஒக்காந்தாரு, அவ்ளோதான்."

ஆய்வுப் பிரிவில் லோகநாதனோடு வேலை பார்த்த உங்களுக்கு அவர் எப்படிப்பட்டவர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லவே எழுதுகிறேன். என்னோடு ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவன். 'அவன்' என்றுதான் எழுத வருகிறது.

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் இருவரும் எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்குப் படித்தோம். நான் திருநெல்வேலியிலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் இருந்தவன். அவன் பருத்திப்பட்டில் நெல் பயிரிட்ட குடும்பம். அஞ்சல் வழியில் பட்டம் வாங்கியிருந்தான். இருவரும் சேர்ந்து பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரே புத்தகம், ஒரு வாரம் அவனிடம், ஒரு வாரம் என்னிடம்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் தர்க்கக் கேள்விகளைப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஊரில் சாலையை அகலப்படுத்தினார்கள். அந்த வருடம் விபத்து குறைந்தது. ஆகவே அகலமான சாலையே காரணம். இந்த வாதத்தைப் பலவீனப்படுத்துவது எது? நான் ஐந்து விடைகளையும் மாற்றி மாற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். லோகு ரசம் சாதத்தைப் பிசைந்தபடி, "வேலை நடக்கச்சொல்லோ பாதி வருஷம் ரோட்டையே மூடி வெச்சிருப்பான் மாமே. வண்டியே போவல, அப்பால எங்கேர்ந்து விபத்து வரும்?" என்றான். அதுதான் விடை. "சொன்னத உடு. சொல்லாம உட்டது இன்னான்னு பாரு" என்பான். பத்தில் எட்டு அவனுக்குச் சரியாக வரும். எனக்கு ஐந்தைத் தாண்டாது. அது என்னை அரித்தது.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கையில் புத்தகம் என்னிடம் இருந்தது. பூந்தமல்லி பஸ்ஸில் விட்டுவிட்டதாகச் சொன்னேன். பொய். அது என் கட்டிலுக்கடியில் பெட்டிக்குள் இருந்தது.

அவன் திட்டவில்லை. இரண்டு சாயங்காலம் சைக்கிளிலேயே பூந்தமல்லி டிப்போவுக்குப் போய் விசாரித்தான். "கண்டக்டருங்க எல்லார்கிட்டயும் சொல்லிகினு வந்துக்கீறேன். கெடச்சா குடுத்துடுவாங்க. நீ மனசு ஒடஞ்சி பூடாத" என்று எனக்கே ஆறுதல் சொன்னான். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தேர்வில் எனக்கு இடம் கிடைத்தது. அவனுக்குச் சில மதிப்பெண்களில் போயிற்று. மறுவருடம் அவன் அப்பா படுத்த படுக்கையானார். லோகு பிறகு தேர்வே எழுதவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் நான் காட்டுப்பாக்கத்துக்கு வீடு மாறியபோது சாமான் கட்ட வந்தான். பரணிலிருந்து நான் இறக்கிய குவியலில் அந்தப் புத்தகம் இருந்தது. முதல் பக்கத்தில் எங்கள் இருவர் பெயரும், அவன் கையெழுத்தில். தூசியைத் துடைத்துத் திறந்து பார்த்தான்.

"லோகு, அது வந்து..."

"வெயிட்டா கீது. அடியில வெக்கிறேன். அந்தக் கயிறக் குடு."

கடைசிப் பெட்டியை இறக்கும்வரை இருந்துவிட்டுத்தான் போனான்.

காரியம் முடிந்த அன்று அவன் மனைவி கஸ்தூரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"புக்கு தொலஞ்ச கதை தெரியும்ணா. அப்புறம் கெடச்சிச்சான்னு ஒருவாட்டி கேட்டேன். 'கெடச்சிச்சு, அவன் ஊட்ல பத்திரமா கீது'ன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல." பிறகு கேட்டார்: "அவரு இருக்கச்சொல்லோ நீங்க ஏண்ணா சொல்லல?"

புத்தகம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, திருப்பிக் கொடுக்க இனி ஆளும் இல்லை.