மெத்தக்கா கை தூக்கினாள்

மெத்தைக் கடையில் வேலை செய்கிறவளுக்கு நாள் முழுக்க ஒரே வசனம்தான்: "படுத்துப் பாருங்க." செருப்பைக் கழற்றச் சொல்லி, கால்மாட்டில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, தலையணையைத் தட்டி வைத்து, வருகிறவர்களை எல்லாம் படுக்க வைப்பாள். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு முதுகால் யோசிப்பார்கள். அவளோ கடை திறந்ததிலிருந்து சாத்தும்வரை நின்றபடியே இருப்பாள். வேலை செய்கிறவர்கள் மெத்தையில் உட்காரக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். இத்தனை மெத்தைக்கு நடுவே ஒரு ஸ்டூல் வாங்கிப் போட அந்த மனிதருக்கு மனசு வரவில்லை. யாராக இருந்தாலும் நாலு வார்த்தை கேட்டிருப்பார்கள். அவள் கேட்டதில்லை.

சாமான் ஏற்றி இறக்கும் ஆட்கள் வைத்த பெயர் மெத்தக்கா. அதுவே நிலைத்துவிட்டது.

கடைக்கு மேல்மாடி ரொம்ப நாளாகக் காலியாகக் கிடந்தது. ஒரு சனிக்கிழமை திடீரென்று கூரை அதிர்ந்தது. தொம். கீழே, கடையிலேயே விலை கூடின மெத்தையில் ஒரு பெரியவர் படுத்துக் கண் சொக்கி, "இதையே எடுத்துக்கலாம்" என்று சொல்ல வாயெடுத்த நேரம். தொம், தொம். பெரியவர் எழுந்து உட்கார்ந்து செருப்பைத் தேட ஆரம்பித்தார். முதலாளி மெத்தக்காவைப் பார்த்தார். "இன்னிக்கு அவங்களை உண்டு இல்லன்னு ஆக்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு மெத்தக்கா படியேறினாள்.

மேலே வெள்ளை உடுப்பும் வலை போட்ட முகமூடியுமாகச் சிலர் ஆளுக்கொரு மெல்லிய கத்தியோடு பாய்ந்துகொண்டிருந்தார்கள். முன்காலை நீட்டி அவர்கள் பாயும்போது விழுகிற அடிதான் கீழே தொம் என்று கேட்டிருக்கிறது. ஒரு பெண் முகமூடியைக் கழற்றினாள். மெத்தக்காவுக்கு மகள் வயது இருக்கும். எல்லோரும் அவளை மாஸ்டர் என்றார்கள். மற்ற நேரத்தில் பல் டாக்டரிடம் உதவியாளாக இருக்கிறவள்.

"என்னம்மா வேணும்?" என்றாள் மாஸ்டர்.

"ஒன்னும் இல்ல" என்றாள் மெத்தக்கா. "சும்மா பாத்துட்டுப் போலாம்னு."

"சும்மா ஏன் பாக்கணும்? இதைப் பிடிங்க."

சண்டை போடப் போனவள் வாள்வீச்சு வகுப்பில் சேர்ந்துவிட்டுக் கீழே வந்தாள். முதலாளியிடம், "சொல்லிட்டேன், பாத்துக்குவாங்க" என்று ஒரு பொய்யையும் சொல்லிவைத்தாள்.

அவளுடைய குணமே அதுதான். யார் என்ன செய்தாலும் ஒன்னும் இல்ல. பேருந்தில் காலை மிதித்தாலும் ஒன்னும் இல்ல, சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்குக் கூப்பிட மறந்தாலும் ஒன்னும் இல்ல. பொறுமைசாலி என்று ஊரே மெச்சியது. அந்தப் பொறுமைக்கு உள்ளே என்ன வெந்துகொண்டிருந்தது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். நிறைய வெந்தது. அதில் பெரியது அவளுடைய ஓரகத்தி விஷயம்.

ஓரகத்தி என்றால் கொழுந்தன் மனைவி. ஒரே வீட்டில் மாடியில் மெத்தக்கா குடும்பம், கீழே கொழுந்தன் குடும்பம். இருவரும் முன்பு ஒட்டிப் பிறந்தவர்கள் போல இருந்தார்கள். ஒருத்தி பிள்ளைக்கு இன்னொருத்தி தலைவாருவாள். ஒருத்தி புடவை மற்றவள் அலமாரியில் இருக்கும். மெத்தக்காவின் வீட்டுக்காரருக்கு வேலை போய், அவள் சம்பளத்திலேயே குடும்பம் ஓடிய வருடம் அது. ஒரு விசேஷத்தில் சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்தபோது ஓரகத்தி விளையாட்டாகச் சொன்னாள்: "எங்க அக்காவுக்கு என்ன, தூங்கியே சம்பளம் வாங்குறாங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். வீங்கிய காலை நாற்காலிக்கு அடியில் மறைத்துக்கொண்டு மெத்தக்காவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினவள்தான், அதன் பிறகு அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஓரகத்தி மாடியேறி வந்து, "என்னக்கா, எம்மேல கோவமா?" என்று கேட்டுப் பார்த்தாள். "ஒன்னும் இல்லையே" என்றாள் இவள். கொஞ்ச நாள் விட்டு விட்டு மறுபடியும் வந்தாள். அப்போதும் ஒன்னும் இல்ல. அப்புறம் அவளும் வருவதை நிறுத்திக்கொண்டாள். வருடங்கள் போய்விட்டன. ஒரே கேட்டைத் திறந்து ஒரே கேட்டைச் சாத்தினார்கள், அவ்வளவுதான்.

வாள்வீச்சுக்கு வருவோம். சனிக்கிழமை தவிர மற்ற நாட்களில் கடை சாத்தின பிறகு நடக்கும் வகுப்பு அவளுக்கு வசதியாக இருந்தது. ஆரம்பத்தில் தொடை இரண்டும் சேர்ந்து அவளைச் சபித்தன. ஆனால் முழங்காலை லேசாக மடக்கி நிற்கும் பழக்கம் மெல்ல மெல்லக் கடைக்கும் வந்துவிட, கால் வீக்கம் வடிய ஆரம்பித்தது. மூச்சு வாங்காமல் படியேறினாள். ஊருக்கே தூக்கம் விற்றுவிட்டுத் தான் மட்டும் புரண்டுகொண்டிருந்தவள், தலையைச் சாய்த்ததும் தூங்கினாள். சர்க்கரை அளவைப் பார்த்த டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "மாத்திரையோட வேற என்ன எடுத்துக்கறீங்க?" என்றார். "கத்தி" என்றாள். டாக்டர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

வியாபாரமும் நன்றாக நடந்தது. எதிராளியை நெருக்கிக்கொண்டே போனால் அவன் பின்வாங்குவான், நாம் ஓரடி பின்னால் வைத்தால் அவனே முன்னால் வருவான் என்று மாஸ்டர் சொல்லிக் கொடுத்ததை அவள் வாடிக்கையாளரிடம் செய்து பார்த்தாள். படுக்கச் சொல்லிவிட்டு ஓரடி தள்ளி நின்றாள். அவர்களே விலை கேட்டார்கள். எல்லாவற்றையும்விட அவளுக்குப் பிடித்தது வேறு. முகமூடியை மாட்டி, எதிராளியின் கத்தி நுனியைப் பார்த்துக்கொண்டு நிற்கும் நேரத்தில் மனசுக்குள் வேறு எந்த நினைப்பும் நுழையாது. ஓரகத்திகூட.

வீட்டுக்காரர்தான் பாவம். வேறு வேலை கிடைத்து நிம்மதியாக இருந்த மனிதர், மொட்டைமாடிக் கொடியில் காய்ந்த தன் சாக்ஸை மனைவி குடை நுனியால் குத்திப் பழகுவதைப் பார்த்துவிட்டார். "இனிமே காப்பி ஆறிப்போச்சுன்னு சொல்ல மாட்டேம்மா" என்றார்.

அவர்தான் ஒரு நாள் அந்தச் சேதியையும் கொண்டுவந்தார். "தம்பிக்கு வெளியூர் மாற்றல். குடும்பத்தோட போறாங்க. வர்ற சனிக்கிழமை லாரி வருது."

"ஓ" என்றாள் மெத்தக்கா.

"போய் ஒரு வார்த்தை பேசேன். போயிட்டா அப்புறம் விசேஷத்துக்கு விசேஷம் பாக்கறதுதான்."

"பேசறதுக்கு என்ன இருக்கு? ஒன்னும் இல்ல."

சொல்லிவிட்டாளே தவிர, நெஞ்சில் கல்லை வைத்தது போல் இருந்தது. அதே கல்லோடு அன்று வகுப்புக்குப் போனாள்.

அன்று அவளுக்கு எதிரே நின்றவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். பெரிய போட்டிகளில் உடுப்பில் ஒயர் மாட்டிவிடுவார்கள், கத்தி பட்டதும் விளக்கு எரியும். இந்த மாடியில் அதற்கெல்லாம் வசதியில்லை. யார் மீது பட்டதோ அவரே கத்தி பிடிக்காத கையைத் தூக்க வேண்டும், அதுதான் வழக்கம். கண்டக்டர் பாய்ந்தார். கத்தி அவள் நெஞ்சில் பட்டு நன்றாக வளைந்தது. மெத்தக்கா கை தூக்காமல் ஆட்டத்தைத் தொடர்ந்தாள். மறுபடி பாய்ந்தார், மறுபடி பட்டது. அப்போதும் தூக்கவில்லை. கண்டக்டர் முகமூடியைக் கழற்றி வீசினார்.

"மாஸ்டர், இது திருட்டாட்டம்! எத்தனை குத்து! ஒன்னுக்காவது கையைத் தூக்கினாங்களா?"

மெத்தக்காவை இதுவரை யாரும் திருடி என்று சொன்னதில்லை. "ஐயோ, அப்படி இல்லீங்க. பெரிசா ஒன்னும் இல்ல, அதான் விட்டுட்டேன்."

"விடறதுக்கு நீங்க யாரு? அது எனக்கு வர வேண்டிய பாயிண்டு!"

மாஸ்டர் நடுவில் வந்தாள். "பட்டுச்சா, படலையா?"

"லேசா."

"லேசாப் பட்டாலும் சொல்லிடணும்மா. குத்தினவருக்கு உடுப்புல வழுக்குச்சா, ஆள் மேல விழுந்துச்சான்னு நிச்சயமாத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். நீங்க வாயைத் திறக்கலன்னா அவர் என்ன பண்ணுவாரு? கிளினிக்ல படுக்க வெக்கறப்பவே நாங்க சொல்லிடுவோம், வலிச்சா கையைத் தூக்குங்கன்னு. கத்தறவங்களால எங்களுக்குத் தொல்லையே இல்ல. பொறுத்துக்கிட்டுப் படுத்திருக்காங்களே, அவங்களாலதான்."

மெத்தக்கா வீடு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். பொறுமை என்று அவள் பெருமையாக வைத்திருந்ததற்கு அங்கே திருட்டாட்டம் என்று பெயர். அன்று விசேஷத்தில் எல்லோரோடும் சேர்ந்து அவளும்தானே சிரித்தாள்? ஓரகத்திக்கு எப்படித் தெரியும்? யோசிக்க யோசிக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. கண்டக்டர் மேல் எரிச்சலாகவும் இருந்தது.

சனிக்கிழமை காலை. லாரியில் பாதிச் சாமான் ஏறிவிட்டது. கடைக்குக் கிளம்பிய மெத்தக்கா கேட்டருகே நின்றாள். ஓரகத்தி பாத்திர மூட்டையோடு வெளியே வந்தாள். மெத்தக்கா வாயைத் திறந்தாள். பழக்கதோஷம், வார்த்தை வரவில்லை. இடது கையைத் தூக்கினாள்.

ஓரகத்தி திகைத்துப் போய் மூட்டையைக் கீழே வைத்துவிட்டுத் தானும் கையை ஆட்டினாள். "சரிக்கா. போயிட்டு வரோம்."

"டாட்டா இல்லடி" என்றாள் மெத்தக்கா. "அன்னிக்கு எல்லார் முன்னாடியும், நான் தூங்கியே சம்பளம் வாங்கறேன்னு சொன்னியே. எனக்குப் பட்டுச்சு. ரொம்பப் பட்டுச்சு. வீட்ல நான் ஒருத்தி சம்பாதிச்ச நேரம், காலு ரெண்டும் வீங்கிக் கெடந்துச்சு. அன்னிக்கே சொல்லியிருக்கணும். இப்பச் சொல்றேன்."

"அதுவாக்கா?" என்றாள் ஓரகத்தி. "அதுக்கா இத்தனை வருஷம்? நீங்களும்தானே சிரிச்சீங்க."

"சிரிச்சேன். அது என் தப்பு."

"சத்தியமா விளையாட்டுக்குத்தான் சொன்னேன். இப்ப நெனைச்சா நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு. மன்னிச்சிருங்கக்கா." ஓரகத்தி லாரி ஓரமாகச் சாய்த்து வைத்திருந்த மெத்தையில் கையை ஊன்றினாள். கை உள்ளே போனது.

மெத்தக்காவின் பார்வையும் அங்கே போனது. விரல் முட்டியால் நாலு இடத்தில் அழுத்திப் பார்த்தாள். "எந்தக் கடையில வாங்கின இந்தக் கண்றாவிய?"

"உங்க கடைக்கு எந்த முகத்தோட வர்றது? முதுகு போச்சுக்கா."

"இதை ஏத்தாதீங்க!" என்று லாரி ஆட்களைப் பார்த்துக் கத்தினாள் மெத்தக்கா. அவள் சத்தம் போட்டு அந்தத் தெரு கேட்டதே இல்லை. "கடை போற வழியிலதான். புதுசு ஏத்திக்கிட்டுப் போங்க."

கொழுந்தனும் லாரிக்காரரும் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார்கள். இரண்டு பெண்களும் காதில் வாங்கவில்லை.

கடையில் மெத்தக்கா தானே விரிப்பைப் போட்டாள், தலையணையைத் தட்டி வைத்தாள். "படுத்துப் பாரு."

ஓரகத்தி படுத்தாள். மேலே சனிக்கிழமை வகுப்பு. தொம், தொம். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கண் ஓரத்திலிருந்து நீர் காதுப் பக்கம் இறங்கியது.

"என்னடி, அழறியா?"

"ஒன்னும் இல்லக்…" என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். படுத்தபடியே கையைத் தூக்கினாள்.

"சொல்லு" என்றாள் மெத்தக்கா.

"எத்தனை தடவை மாடியேறி வந்து கேட்டேன். ஒன்னும் இல்ல, ஒன்னும் இல்லன்னே சொல்லி அனுப்பிட்டீங்க. ஒவ்வொரு தடவையும் கீழ போய் அழுதேங்க்கா."

மெத்தக்காவுக்கு அது நேராக நெஞ்சில் வந்து விழுந்தது. அவளும் கையைத் தூக்கினாள். அப்புறம், முதலாளி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, செருப்பைக் கழற்றிவிட்டு அந்த மெத்தையில் உட்கார்ந்து, ஓரகத்தியைத் தள்ளிப் படுக்கச் சொல்லிப் பக்கத்தில் படுத்தாள். வெளியே லாரிக்காரர் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார்.