ஐந்தாவது மாடிக்கு ஒரு ஜன்னல்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அந்த ஐந்து மாடி ஆபீஸ் கட்டடத்துக்கு வரைபடம் போட்ட ஐயா, உங்களைத்தான் கேட்கிறேன்: ஒரு மனுஷி மூச்சு விட வழி வைக்காமல் எப்படி ஐயா கட்டடம் வரைந்தீர்கள்?

ஏர்கோன் தொழில் என்பது அடுத்தவன் செய்த தப்பைக் குளிரவைக்கும் தொழில். உங்கள் தப்பை நான் பன்னிரண்டு வருஷமாகக் குளிரவைத்துக்கொண்டிருக்கிறேன். ஐந்தாவது மாடியில் டெலிபோன் சுவிட்ச்போர்டைப் பார்த்துக்கொள்ளும் சரோஜாவுக்கு மூச்சிழுப்பு நோய். அவள் அறையிலும் சரி, அந்த மாடியிலும் சரி, திறக்கிற ஜன்னல் ஒன்றுகூடக் கிடையாது. அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை பார்க்கும் வாசகர்களே, நீங்களும் கேளுங்கள். உங்கள் ஆபீஸும் இதற்கு அண்ணன் தம்பியாகத்தான் இருக்கும்.

ஐஸ் கட்டி சொன்ன பாடம்

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கிள்ளானில் மீன் பாசாருக்கு ஐஸ் கட்டி சுமந்தேன். நிழலில் இறக்கினால் ஒரு சாக்கு போர்த்தினால் போதும். வெயிலில் இறக்கினால் பத்துச் சாக்கு போர்த்தினாலும் மிஞ்சுவது தண்ணீர்தான். முதலாளி கன்னத்தில் விட்ட அறையோடு சேர்த்துப் படித்த பாடம், மறக்குமா?

அந்தப் பாடத்தோடுதான் உங்கள் கட்டடத்துக்கு மெஷின் அளவெடுக்கப் போனேன். மத்தியானம் மூன்று மணி. மேற்குப் பக்கம் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. மேலே ஒரு சாண் நிழல்கூட இல்லை. கண்ணாடியில் கையை வைத்தவன் தோசைக்கல்லைத் தொட்டவன் மாதிரி இழுத்துக்கொண்டேன். கட்டட முதலாளியை நாங்கள் தவுக்கே என்று கூப்பிடுவோம். அவரைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "தவுக்கே, ஒவ்வொரு ஜன்னலுக்கு மேலயும் ஒரு கை நீளத்துக்கு சிமெண்டுப் பலகை இழுத்து விடுங்க. ஜன்னலைத் திறக்கிற மாதிரி வைங்க. நான் விக்கப்போற மெஷின்ல பாதி போதும்!" என் வியாபாரத்துக்கு நானே குறுக்கே நின்றேன். வாழ்க்கையில் விலையைக் குறைத்துப் பேரம் பேசிய விற்பனைக்காரன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தவுக்கே என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நிழல் போட்டா, ரோட்டுல போறவனுக்குக் கண்ணாடி பளபளன்னு தெரியாது லா, பாஸ்."

ஈசான மூலை

மூன்றாவது மாடியில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸ். மேனேஜர் நடராஜா, யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், சட்டைப் பொத்தான் கழுத்து வரை. மாதத்துக்கு மூன்று தடவை போன் வரும்: "மெஷின் நிக்குதில்லை. பிள்ளைகள் விறைச்சுப் போகினம்." நானும் கம்ப்ரஸரை மாற்றினேன், கேஸை மாற்றினேன், என் ஆள் ஹாலிமோடு சண்டை போட்டேன். மெஷின் நிற்கவே இல்லை.

கடைசியில் ஒருநாள் காலை எட்டு மணிக்கே போனேன். அப்போதுதான் பார்த்தேன். சூடு பார்த்து மெஷினை நிறுத்தும் தெர்மோஸ்டட்டை உங்கள் வரைபடம் வடகிழக்கு மூலையில் வைத்திருந்தது. நம் ஆட்கள் ஆபீஸ் திறந்தால் சாமி மேடை எங்கே போகும்? அதே வடகிழக்கு மூலைக்குத்தான்! தெர்மோஸ்டட்டுக்கு நேர் கீழே முருகன், முருகனுக்கு முன்னால் காலை முதல் மாலை வரை அணையாத குத்துவிளக்கு. விளக்குச் சூட்டைத் தின்றுவிட்டு அந்தப் பெட்டி, ஆபீஸே எரிகிறது என்று நினைத்து நாள் முழுக்கக் குளிரைக் கொட்டியிருக்கிறது. விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னேன். நடராஜா எழுந்து நின்றார்.

"முருகனை அசைக்க ஏலாது, தம்பி. உம்மட பெட்டிக்கு ஒரு நேர்த்திக்கடனும் இல்லைத்தானே, அதைக் கழட்டிக்கொண்டு போம்."

மேஜைக்குக் கீழே

இரண்டாவது மாடியில் குளிர்காற்று போகும் டக்ட் முழு மாடிக்கும் ஒன்றே ஒன்று. மேற்குப் பக்கம் வெந்துகொண்டிருக்கும். அதைக் குளிரவைக்க அழுத்தினால் கிழக்குப் பக்கம் உறையும். மேற்கில் இருப்பவர்கள் வெயில் தாங்காமல் திரையை இழுத்து மூடுவார்கள். மூடினால் இருட்டு. நடுப்பகலில் குழல்விளக்கு. விளக்கின் சூட்டுக்கு இன்னும் கொஞ்சம் ஏர்கோன். வெளிச்சத்துக்கு என்று கண்ணாடி வைத்துவிட்டு, வெளிச்சத்தை மூடிவிட்டு, வெளிச்சத்துக்குக் கரண்ட் கட்டும் விந்தையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கிழக்குப் பக்கத்தில் மகேஸ்வரி என்று கணக்கெழுதும் ஒரு கிராணி. டக்ட்டைச் சோதிக்கக் குனிந்தேன். அவள் மேஜைக்குக் கீழே சிவப்பாக என்னவோ எரிகிறது. ஹீட்டர்! லண்டனில் இருக்கும் அக்கா கொடுத்தனுப்பியதாம். கோலாலம்பூரில், பங்குனி வெயிலில், என் மெஷின் மேலே குளிரை ஊத, அது கீழே சூட்டை ஊத, இரண்டும் ஒரே அறையில் மல்லுக்கட்டுகின்றன. "உனக்குப் பைத்தியமா?" என்று கத்திவிட்டேன். சால்வையை இழுத்து மூடிக்கொண்டு சொன்னாள்:

"அண்ணே, நான் பொறந்தது மேரு எஸ்டேட்டுல. விடியக்காலம் பனியில அம்மாகூட ரப்பர் மரம் சீவப் போனப்பகூட இப்படி நடுங்கினதில்ல."

கரண்ட் போன மத்தியானம்

இதுவரை சிரித்திருப்பீர்கள். நானும் சிரித்தேன், கரண்ட் போகும் வரை.

வட்டாரத்துக்கே கரண்ட் இல்லை, நானும் ஹாலிமும் அன்று அந்தக் கட்டடத்தில்தான் வேலையாக இருந்தோம். கண்ணாடிப் பெட்டிக்குள் காற்று நின்றுவிட்டது. அரைமணி நேரத்தில் மாடி மாடியாக எல்லாரும் சட்டை நனைந்து இறங்கி வந்தார்கள். கீழே நின்று எண்ணிப் பார்த்தால் சரோஜாவைக் காணோம். அவள் சுவிட்ச்போர்டு பேட்டரியில் ஓடும். கரண்ட் இல்லாவிட்டாலும் போன் அடிக்கும், அடித்தால் அவள் எடுக்க வேண்டும். நானும் ஹாலிமும் படியேறி ஓடினோம். அறையில் இல்லை. லிப்ட்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, மூடிய கதவின் இடுக்கில் வாயை வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தாள். லிப்ட் குழிக்குள் இருந்து வரும் கிரீஸ் வாடைக் காற்று, அதுதான் அந்த மாடியில் மிச்சமிருந்த காற்று. உதடு நீலம் பாய்ந்திருந்தது. கையில் இருந்த மருந்துக் குழாய் காலி. ஐந்து மாடி இறக்கும் வரை அவள் தாங்க மாட்டாள்.

"கீழ போய் ஆளுங்கள விரட்டுடா!" என்றேன். ஹாலிம் இறங்கி ஓடி, நடைபாதையைக் காலி செய்துவிட்டுக் கீழேயிருந்து கையை ஆட்டினான். பெரிய ஸ்பேனரை எடுத்து உங்கள் பளபளக்கும் கண்ணாடியை அடித்தேன். இரண்டாவது அடியில் விழுந்தது. காற்று வந்தது பாருங்கள், மேஜை மேல் இருந்த காகிதம் எல்லாம் பறந்தது. அவளைத் தூக்கி ஓட்டைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு திரும்பியது. பேச முடிந்ததும் அவள் சொன்னது இதுதான்:

"அண்ணே, இவ்வளவு காத்து வெளிய சும்மாவா கெடந்துச்சு?"

உங்கள் வாசலில்

மறுவாரமே தவுக்கே அதே கண்ணாடியை, அதே மாதிரி திறக்க முடியாமல் பொருத்திவிட்டார். நான் ஆடிய ஆட்டத்தில் கொஞ்சம் இறங்கி வந்து, "வரைபடத்தை மாத்தி ஆர்கிடெக்ட் கையெழுத்து வாங்கிட்டு வா, ஜன்னல் வெச்சுக்கோ" என்றார். அதற்காகத்தான் ஐயா உங்கள் ஆபீஸுக்கு வந்தேன். வந்தவன் வாசலிலேயே நின்று கட்டடத்தை ஏற இறங்கப் பார்த்தேன். பழைய மர பங்களா. சுற்றிலும் அகலமான தாழ்வாரம், இறங்கி நிற்கும் கூரை, மேற்கே இரண்டு மழைமரம். எல்லா ஜன்னலும் திறந்து கிடந்தது. உள்ளே ஒரு விசிறி மெதுவாகச் சுற்றியது. சுவரை எல்லாம் தேடினேன், என் தொழில்காரன் வைத்த பெட்டி ஒன்றுகூட இல்லை. வரவேற்பில் இருந்த பெண்ணிடம், "ஏர்கோன் இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"சாருக்கு ஏர்கோன் ஒத்துக்காது அங்கிள், ஜன்னல் திறந்திருந்தாத்தான் அவருக்கு வேலையே ஓடும்."

மூன்று தடவை வந்துவிட்டேன். மூன்று தடவையும் நீங்கள் மீட்டிங்கில் இருந்தீர்கள். நிழல் என்றால் என்ன, காற்று எந்தப் பக்கம் வரும் என்று உங்களுக்குத் தெரியாது என்று நினைத்து இத்தனை வருஷம் திட்டினேன். தெரிந்தேதான் செய்திருக்கிறீர்கள். சரோஜா இன்றும் காலை எட்டு மணிக்கு அந்த அறைக்குள்தான் போகிறாள், இரண்டு மருந்துக் குழாயோடு. திறக்கிற ஜன்னல் ஒன்று, அதற்கு மேல் ஒரு கை நீள நிழல். வேலையை நான் செய்கிறேன், கூலி வேண்டாம், பேரமும் இல்லை.

ஏர்கோன் விற்கிறவன் ஜன்னல் கேட்டு உங்கள் வாசலில் நிற்கும் அளவுக்கு நம் ஊர்க் கட்டடங்கள் முன்னேறிவிட்டன, அதனால் இனிமேலாவது அந்த மீட்டிங்கை முடித்துக்கொண்டு வந்து கையெழுத்தைப் போடுங்கள் ஐயா.