நாற்பத்தொரு தொழிலுக்கு ஒரே எண்

ஆலங்காயம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, டீக்கடைக்கும் உரக்கடைக்கும் நடுவில் 'அருணா கம்ப்யூட்டர்ஸ்' இருக்கிறது. அதன் சொந்தக்காரி சம்பூர்ணத்துக்குப் பக்கத்து மலைக்கிராமங்களில் வைத்திருக்கும் பெயர் டைப்பக்கா. டைப் மிஷினை எடைக்குப் போட்டுப் பதினாறு வருடம் ஆகிறது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. சட்டம் படித்தவள் இல்லை. பத்தாவது முடித்து, தட்டச்சில் ஹையர் தேறி, ஒரு பத்திர எழுத்தரிடம் ஒன்பது வருடம் மனு அடித்துப் பழகியவள். ஆனால் மலைமேல் இருக்கும் நெல்லிவாசல்நாட்டில் யாராவது மாவு மில் போட வேண்டும், தேன் அடைத்து விற்க வேண்டும், பெட்டிக்கடை வைக்க வேண்டும் என்றால் முதலில் சாமி கும்பிடுவார்கள், அடுத்து ஜீப் பிடித்துச் சம்பூர்ணத்திடம் வருவார்கள். சில பேர் சாமியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நேராக இங்கேயே வந்துவிடுவதும் உண்டு.

உணவுப் பாதுகாப்புப் பதிவு, ஜிஎஸ்டி, சிறுதொழில் சான்றிதழ், கூட்டுப் பத்திரம் என்று எல்லாம் அவள் கையால் ஆகும். வக்கீலிடம் போனால் பேசவே பயப்படுகிற ஜனம் இவளிடம் மட்டும் வாய் நிறையப் பேசும். அந்த விஷயத்தில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. இருக்கக் கூடாது என்று யார் சொல்ல முடியும்?

எந்த விண்ணப்பமானாலும் இரண்டு கட்டம் காலியாக நிற்கும். கைப்பேசி எண் ஒன்று, மின்னஞ்சல் ஒன்று. மலையில் பாதி இடத்தில் டவர் கிடையாது. போன் இருந்தாலும் ரீசார்ஜ் தீர்ந்திருக்கும், இல்லையென்றால் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் சிம் மாறியிருக்கும். மின்னஞ்சல் என்றால் என்னவென்று கேட்பார்கள். சம்பூர்ணம் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"உன் நம்பர் வாணாம். என் நம்பரே போட்டுர்றேன். எதுனா வந்தா நான் சொல்லி அனுப்பறேன், நீ நிம்மதியா போ."

அவர்களும் நிம்மதியாகப் போனார்கள். இவளுக்கும் வேலை சுலபம். ஓடிபி தன் கையிலேயே வந்து விழும், பத்து நிமிடத்தில் வேலை முடியும். எண் தன்னுடையது என்பதால் அடுத்த வேலைக்கும் அந்த ஆள் இங்கேதான் வந்தாக வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியாமல் இல்லை. அதை மட்டும் அவள் தன்னிடமே சொல்லிக்கொண்டதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை செவ்வந்தி வந்தாள். முப்பத்துநாலு வயது. மலையில் சாமையை வறுத்து அரைத்துப் பொட்டலம் போட்டு விற்கிறவள். 'மலைக்கொல்லை' என்று தன் சரக்குக்கு அவளே பெயர் வைத்தாள். வீட்டில் தனியாக ஆரம்பித்தாள், இப்போது அவளோடு ஆறு பெண்கள். வாணியம்பாடி, ஆம்பூர் வரைக்கும் கடைக்காரர்கள் மாவு வேண்டும் என்று கேட்க மாட்டார்கள், மலைக்கொல்லை வந்துவிட்டதா என்றுதான் கேட்பார்கள். அந்தப் பெயரை வேறு யாரும் வைக்க முடியாதபடி ட்ரேட்மார்க் எடுத்துக்கொள்ளச் சொல்லி இரண்டரை வருடத்துக்கு முன்னால் அவளைத் தூண்டியதும் சம்பூர்ணம், விண்ணப்பம் போட்டதும் சம்பூர்ணம்.

செவ்வந்தி முந்தானையில் சுற்றி வைத்திருந்த உறையை எடுத்து நீட்டினாள்.

"பதிவுத் தபால்ல வந்துச்சுக்கா. முழுக்க இங்கிலீஷ். இன்னா போட்டிருக்குன்னு பாருங்க."

பெரிய ஊரில் இருக்கிற ஒரு உணவுக் கம்பெனியின் வக்கீல் அனுப்பிய கடிதம். அந்தப் பெயருக்கு அவர்கள் விண்ணப்பித்து, அது அரசின் ட்ரேட்மார்க் இதழிலும் வந்துவிட்டதாம். ஆகவே செவ்வந்தி அந்தப் பெயரை உடனே நிறுத்த வேண்டுமாம்.

நாம்தானே முதலில் போட்டோம் என்று சம்பூர்ணம் கம்ப்யூட்டரைத் திறந்து மின்னஞ்சலில் தேடினாள். திறக்காத கடிதங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்தன. அவற்றின் நடுவில், ஒரு லோன் விளம்பரத்துக்கும் செருப்புத் தள்ளுபடிக்கும் இடையில் அது இருந்தது. ட்ரேட்மார்க் அலுவலகம் ஒரு சின்ன ஆட்சேபம் எழுப்பி, முப்பது நாளில் பதில் கேட்டிருந்தது. அரைப் பக்கம் எழுதினால் தீர்ந்திருக்கும். தேதியைப் பார்த்தாள். இரண்டு வருடத்துக்கு முந்தைய வைகாசி. மகள் அருணாவின் கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுக்க ஊர் ஊராகச் சுற்றிய மாதம். அதற்கு மேலே இன்னொரு கடிதம்: பதில் வராததால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படுகிறது.

இரண்டையும் மறுபடி படித்தாள்.

"இன்னாக்கா?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு. "நாம போட்டத ஆபீஸ்லயே தள்ளிட்டாங்க செவ்வந்தி. இந்த மாதிரி பேருக்கெல்லாம் குடுக்க மாட்டாங்களாம்."

 செவ்வந்தி சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பதில் அவள் ஓங்கி அறைந்திருக்கலாம்.

"நம்ம ஜனம் கேட்டா எங்கக்கா குடுப்பாங்க! கம்பெனிக்காரன் கேட்டா குடுப்பாங்க. நீங்க இன்னா பண்ணுவீங்க, பாவம். உங்களால ஆனத நீங்க பண்ணீங்க."

போகும்போது வழக்கம்போல ஒரு பொட்டலம் சாமை மாவை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் காலை கணவன் விஜயராஜ் அந்த மாவில் இடியாப்பம் பிழியச் சொல்லி, இரண்டு தட்டு சாப்பிட்டு, மலைச் சாமைக்கு உள்ள ருசியே தனி என்று பாராட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பினான். சம்பூர்ணத்துக்கு ஒரு வாய் இறங்கவில்லை. தன் தப்பு தப்பாகவே இருந்திருந்தாலாவது பரவாயில்லை. அதை அரசாங்கத்தின் தலையில் கட்டி, நமக்கெல்லாம் கிடைக்காது என்று ஒருத்தியை நம்பவைத்து அனுப்பியாயிற்று. இனி அந்தப் பெண் எதற்கும் விண்ணப்பம் போடுவாளா?

அன்றே கடையைப் பூட்டிவிட்டு வாணியம்பாடிக்குப் பஸ் ஏறினாள். அங்கே வக்கீல் அப்துல் கய்யூம் வியாபார வழக்குகள் பார்ப்பவர். தோல் மண்டிக்காரர்கள் முதல் பீடிக்கடை வரை அவரிடம் வருவார்கள். தனக்குத் தெரிந்த ஒருத்தரின் விவகாரம் என்று சம்பூர்ணம் ஆரம்பித்தாள். அவர் கடிதத்தைப் படித்தார், தேதிகளைக் குறித்துக்கொண்டார், பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஆட்சேபம் வந்தப்போ நோட்டீஸ் யாருக்குப் போச்சுங்க?"

சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தபடி, "எனக்கு" என்றாள்.

அவர் முகம் மாறவில்லை. நிறைய பேர் இப்படித்தான் உண்மைக்கு வந்து சேர்வார்கள் போல. இதழில் வந்த நாளிலிருந்து நாலு மாதத்துக்குள் எதிர்ப்பு மனு போடலாம், இன்னும் அஞ்சு வாரம் பாக்கி இருக்கிறது என்றார். கம்பெனிக்கு முன்னாலேயே செவ்வந்தி அந்தப் பெயரில் விற்றிருக்கிறாள் என்பதுதான் பெரிய பலம். பழைய பில், லேபிள் அடித்த அச்சகத்தின் ரசீது, கடைக்காரர்களின் கடிதம் எல்லாம் வேண்டும்.

"ஆனா ஒண்ணு சம்பூர்ணம்மா. இவங்களே வாணாம்னு வுட்டுட்டுப் போன பேருதானேன்னு எதிர்ப்பக்கம் கேப்பாங்க. நோட்டீஸ் அந்தம்மா கைக்கே வரலன்னு நீங்க பிரமாணப் பத்திரம் எழுதிக் குடுக்கணும்."

"நான் எழுதிக் குடுத்தா... நாளைக்கு மலையில யாரு சார் என் கடைக்கு வருவாங்க?"

"வராம போகலாம்" என்றார் அவர், டீயை உறிஞ்சிக்கொண்டே. "நீங்க எழுதலன்னாலும் மனு போடலாம். கேஸ் பலம் கொறையும், அவ்ளோதான். அந்தம்மா பேர வெச்சி நாம ஆடுற ஆட்டம், யோசிச்சிக்கோங்க."

சமாதானமாக ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தது தன் பேராசை என்று பஸ்ஸில் திரும்பும்போது நினைத்துக்கொண்டாள்.

ஊருக்கே மனு அடித்தவளுக்குத் தன் மனு வரவில்லை. 'மேற்படி அறிவிப்பு எதிர்பாராத காரணங்களால் கவனத்துக்கு வராமல் போய்விட்டது' என்று அடித்தாள். எத்தனை பேரின் தப்புக்கு இந்த வாக்கியத்தைப் போர்த்தி அனுப்பியிருக்கிறாள்! வாசித்துப் பார்த்தாள். அழித்தாள். 'அறிவிப்பு எனக்கு வந்தது. நான் பார்க்கவில்லை. மனுதாரருக்குச் சொல்லவுமில்லை' என்று அடித்தாள். வெள்ளிக்கிழமை செவ்வந்திக்கு ஆளிடம் சொல்லி அனுப்பினாள்.

செவ்வந்தி வந்ததும் அதை அவளுக்கு வாசித்துக் காட்டினாள். அன்று சொன்னது பொய் என்றும் சொன்னாள். அழக் கூடாது என்று முடிவு செய்திருந்தாள், அழுதுவிட்டாள். செவ்வந்தி தேற்றவில்லை. சண்டைக்கும் வரவில்லை. 

"ஆபீஸ்ல தள்ளல?"

"இல்ல."

"நம்ம ஜனம்னு தள்ளல?"

"இல்ல செவ்வந்தி. அவங்க கேள்விதான் கேட்டாங்க. நாந்தான் பதில் குடுக்கல."

"நான் போய் ஆறு பொம்பளைங்ககிட்டயும் அப்பிடித்தான் சொன்னேன். லேபிள்ல இருந்து பேர எடுத்துடலாம்னு பேசிட்டோம்." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "இன்னும் எத்தினி பேருக்கு உங்க நம்பர் போட்டு வெச்சிருக்கீங்க?"

சம்பூர்ணம் நோட்டைப் பார்க்காமலே சொன்னாள். இரண்டு நாளாக அதையேதான் எண்ணிக்கொண்டிருந்தாள். "உன்ன சேத்து நாப்பத்தொண்ணு."

"எங்க பெரியப்பா மில்லு?"

"அதுவும்."

வக்கீல் தந்த எதிர்ப்பு மனுக் காகிதங்களில் செவ்வந்தி கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் போட்டாள். எழுந்தாள். "எல்லாரையும் நான் கூட்டியாறேன். நம்பர மாத்திக் குடுங்க. எதுக்கு மாத்தறோம்னு நான் சொல்ல மாட்டேன். நீங்களே உங்க வாயால சொல்லுங்க."

எதிர்ப்பு மனு போய்ச் சேர்ந்தது. முடிவு வர வருடங்கள் ஆகலாம் என்று அப்துல் கய்யூம் சொல்லியிருக்கிறார். அதுவரை லேபிளில் கை வைக்க வேண்டாம், விற்கிறபடி விற்கட்டும் என்றும் சொல்லியிருக்கிறார்.

அடுத்த வியாழக்கிழமை மலையிலிருந்து ஒரு ஜீப் நிறைய ஆட்கள் இறங்கினார்கள். எட்டுப் பேர். செவ்வந்தி அவர்களைக் கடைக்குள் உட்காரவைத்துவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டாள். முன்னால் இருந்தவர் அவளுடைய பெரியப்பா கண்ணாயிரம். அறுபது வயது, மாவு மில் வைத்திருக்கிறவர். சம்பூர்ணம் நின்றபடியே சொல்ல ஆரம்பித்தாள். நோட்டீஸ் வந்தது, மகள் கல்யாண அலைச்சலில் பார்க்காதது, பொய் சொன்னது, ஒன்றையும் விடவில்லை.  திட்டட்டும், எழுந்து போகட்டும், எதுவானாலும் வாங்கிக்கொள்வது என்றிருந்தாள்.

கண்ணாயிரம் கையை வீசி மறித்தார்.

"அட வுடும்மா. பொண்ணு கல்யாணத்த வெச்சிக்கினு இதெல்லாம் யாரு பாப்பாங்க? எங்களுக்கு இன்னா தெரியும் இந்த மெயிலு கியிலெல்லாம்? உங்க நம்பரே இருக்கட்டும். இனிமே நீங்க பாத்துக்குவீங்க."

பின்னால் இருந்தவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அரை நிமிடம் சம்பூர்ணத்துக்கு உயிர் வந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கடை அப்படியே இருக்கும், நாற்பது பேரும் அப்படியே இருப்பார்கள். இனி நிஜமாகவே தினமும் பார்க்கத்தானே போகிறோம் என்றும் ஒரு எண்ணம் எழுந்தது. இவர்கள் இவ்வளவு சுலபமாக மன்னித்ததுதான் எல்லாவற்றையும்விட அவளுக்கு வலித்தது.

கதவோரம் நின்ற செவ்வந்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாணாம் ஐயா" என்றாள் சம்பூர்ணம். "உங்க போனை எடுங்க."

அவர் மடியிலிருந்து போனை எடுத்து அவளிடமே நீட்டினார். அவள் கை பழக்கத்தில் முன்னால் போயிற்று. இழுத்துக்கொண்டாள்.

"உங்க கையிலயே வெச்சிக்கோங்க. இப்ப ஒரு நம்பர் வரும். அது எதுக்குன்னு நான் சொல்றேன். புரிஞ்சாத்தான் நீங்க எனக்குப் படிச்சிச் சொல்லணும். புரியலன்னா சொல்லக் கூடாது."

கண்ணாயிரம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனையே பார்த்தார். சம்பூர்ணம் கம்ப்யூட்டரில் அவர் எண்ணை அடித்ததும், ஓடிபி வந்து அது மணியடித்தது.

"எதுக்கும்மா இது?" என்று கேட்டார்.

இத்தனை வருடத்தில் அந்தக் கடையில் யாரும் கேட்காத கேள்வி. சம்பூர்ணம் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.