கருப்பட்டி வியாபாரி வீட்டில் மருந்து வைத்தது யார்?

கம்பவுண்டர் உத்தியோகத்தில் மருந்து கலப்பது பாதி வேலை. கலந்ததில் விஷம் இல்லை என்று சத்தியம் பண்ணுவது மீதிப் பாதி. என்னைப் போல் இந்தப் பிழைப்புப் பிழைத்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நான் சொல்லப்போவது ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு முந்திய சங்கதி.

குடித்துக் காட்டுவது

பாளையங்கோட்டைப் பக்கத்தில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்தேன். மருந்துக்கு வருகிறவர்கள் முதலில் குப்பியைப் பார்ப்பார்கள், அப்புறம் என் முகத்தைப் பார்ப்பார்கள். அதில் சாராயம் இருக்கிறது என்பார் ஒருவர். குடித்தவன் தானாகக் கிறிஸ்து வேதத்தில் சேர்ந்துவிடுவான், அதற்கென்று ஒரு பொடி போடுகிறார்கள் என்பார் இன்னொருவர். ஆகவே நான் ஒரு மடக்குக் குடித்துக் காட்டினால்தான் குப்பி கைமாறும். காய்ச்சலே இல்லாமல் நான் குடித்த கொயினாவுக்குக் கணக்குக் கிடையாது.

ஒருநாள் சாத்தான்குளத்திலிருந்து செல்லையா என்ற கருப்பட்டி வியாபாரியை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். வாலிப வயசு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார். வெள்ளைக்கார டாக்டர், நாங்கள் துரை என்போம், வலி தணிய அபின் சேர்ந்த மருந்தைக் கொடுக்கச் சொன்னார். கூட வந்த அக்காள் அன்னபாக்கியம் வழியை மறித்துக்கொண்டு நின்றாள். வழக்கம்போல ஒரு மடக்குக் குடித்தேன். அவளோ நகரவில்லை. “கொஞ்சம் நில்லும் கம்பவுண்டரே, நீரு விழுதீரா இல்லையான்னு பாத்துட்டு எந்தம்பிக்குக் கொடுக்கேன்.”

எடுத்த மருந்து

அவள் சந்தேகத்துக்கு முகாந்திரம் இருந்தது. எங்களிடம் வருவதற்கு முன்னால் திசையன்விளைப் பக்கம் மருந்தெடுக்கிற ஒருவனிடம் போயிருக்கிறார்கள். யாரோ சோற்றில் இடுமருந்து வைத்துவிட்டார்கள், அது குடலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நம்புகிறவர்கள் அவனிடம் போவார்கள். அவன் ஒரு பச்சிலைச் சாற்றைக் கொடுத்து வாந்தியெடுக்க வைப்பான். வாந்தியில் மயிர் சுற்றிய ஓர் உருண்டை இருக்கும். அது அவன் விரலிடுக்கிலிருந்து விழுந்தது என்பது என் அபிப்பிராயம். உருண்டையைக் காட்டி, “சோறு போடுத கைதான்” என்று மட்டும் சொல்லியிருக்கிறான்.

சோறு போடுகிறவள் செல்லையாவின் பெண்சாதி ஞானப்பூ. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற வேதக்காரக் குடும்பம்தான். ஆனாலும் அன்றிலிருந்து அன்னபாக்கியம் தம்பி வீட்டிலேயே தங்கி அடுப்பங்கரையைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். தம்பிக்கு ஏதாவது ஆனால் உன்னைப் போலீசில் பிடித்துக் கொடுப்பேன் என்றும் சொல்லி வைத்திருந்தாள். ஆஸ்பத்திரியிலும் ஞானப்பூ புருஷனுடைய தண்ணீர்ச் செம்பைத் தொடக்கூடாது. மடியில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். புண்ணுக்குக் கட்டுப் போடுகிற எங்கள் டிரெஸ்ஸர் வேதமுத்து ஊரில் ஒருவரையும் நம்பாதவர். அவள் அழுதிருந்தாலும் அதையும் குற்றமாகத்தான் எடுத்திருப்பார். என் காதருகே வந்து சொன்னார்: “அழ மாட்டேங்கா பாத்தீரா வே? அங்கனதான் எனக்கு இடிக்கி.”

உதட்டில் கறுப்பு

மறுநாள் துரை செல்லையாவின் வாயைத் திறந்து பார்த்தார். உதட்டிலும் கன்னத்தின் உட்புறத்திலும் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். வண்ணான் துணிக்குக் குறி போடுகிற சேங்கொட்டைப் பால் பட்டால் அப்படிக் கறுக்கும். சேங்கொட்டையைத்தான் யாரோ அரைத்துக் கொடுத்திருக்கிறார்கள் என்றார் வேதமுத்து. நானும் வேப்பமரத்தடியை ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

துரை பாதிரிமாரிடம் தமிழ் படித்தவர். பேசினால் பிரசங்கம் போலத்தான் இருக்கும். “அம்மா, உம்முடைய வாயைத் திறவும்” என்றார் அன்னபாக்கியத்திடம். அவளுக்கும் அதே புள்ளிகள்! அவளுடைய தகப்பனாருக்கும் இருந்ததாம். அவரும் இப்படியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்துச் செத்தவராம். அப்போது ஞானப்பூ அந்த வீட்டுக்கு வாழ வரவே இல்லை. அன்னபாக்கியம் இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை. புள்ளியைப் பற்றிக் கேட்டதில் அவளுக்குப் பெருமைதான். “எங்க வம்சத்துக்கு ஆண்டவர் போட்ட முத்திரைல்லா இது! ஊர்ல வேற எவனுக்கு இருக்கு?”

பேசினில் இருந்தது

வலி முற்றவே, துரை வயிற்றைத் திறந்தார். சிறுகுடலின் ஒரு பாகம் இன்னொரு பாகத்துக்குள் சொருகிக்கொண்டு கிடந்தது. அதை வெட்டியெடுத்தால் உள்ளே மழைக்குப் பிந்திய காளான் போலக் காம்பு வைத்த கட்டிகள். ஒன்று மட்டும் கல்லாக இறுகிப் புற்று வைத்து, பக்கத்திலும் பரவியிருந்தது. பிழைக்கமாட்டார் என்று துரை என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

வெட்டியதைக் கண்ணால் பார்க்காமல் விடமாட்டேன் என்று அன்னபாக்கியம் ஒற்றைக் காலில் நின்றாள். பார்த்தாலாவது ஞானப்பூ மேலுள்ள பழி நீங்கும் என்று நினைத்து, வெட்டியதை வைத்திருந்த பீங்கான் பேசினைக் கொண்டுபோய்க் காட்டினேன். இது பல வருஷமாக வளர்ந்தது, தகப்பன் வழியில் வந்திருக்கலாம் என்று துரை சொன்னதையும் எடுத்துச் சொன்னேன். புள்ளிக்கும் கட்டிக்கும் சம்பந்தம் உண்டோ என்று துரைக்கு ஒரு சந்தேகம். தம்மிடமிருந்த புத்தகங்களையெல்லாம் புரட்டியும் அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை. அன்னபாக்கியம் பேசினுக்குள் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து ஆஸ்பத்திரியே அதிரக் கத்தினாள்: “நான் சொல்லல? பாவி வச்ச மருந்து உள்ளுக்குள்ள முளைச்சுக் கிடக்கு பாரும்!”

இரண்டாம் வண்டி

செல்லையா இறந்துபோனார். போலீசார் வந்து கேட்டார்கள். விஷமில்லை என்று துரை சொன்னதும் போய்விட்டார்கள். ஊர் அப்படிப் போய்விடுமா? ஞானப்பூ கையால் ஒருவரும் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை என்று கேள்விப்பட்டேன். போக்கிடம் இல்லாமல் அதே வீட்டின் பின்கட்டில் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்தாளாம். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் கம்பவுண்டர் சொல் எந்த ஊரில் எடுபடும்?

இரண்டு வருஷம் கழித்து ஒரு கோடையில் அதே வண்டி வந்தது. உள்ளே தம்பியைப் போலவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தவள் அன்னபாக்கியம். அவள் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தவள் ஞானப்பூ. அவளுடைய குழந்தையைத் தவிர வேறு யாரும் கூட வரவில்லை. துரை நேராகவே கேட்டார்: “அம்மா, உமக்கு ஆகாரம் சமைத்தவர் யார்?” “நானேதான் பொங்கித் தின்னேன் அய்யா. அவ கை படவே இல்ல,” என்றாள் அன்னபாக்கியம். அப்புறம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பெண்ணின் தலையிலிருந்து கொலைப்பழி இறங்கிவிட்டது! வேப்பமரத்தடிக்கு ஓடி, “உன் மதினி வாயாலேயே சொல்லிட்டா அம்மா, நீ ஒண்ணும் வைக்கலைன்னு. எல்லாம் அந்த வம்சத்து ரத்தத்துல வந்ததுதான்,” என்று மூச்சிரைக்கச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், குறைந்தபட்சம் அழுவாள் என்றாவது நினைத்தேன். அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்த பெண்குழந்தையின் கீழுதட்டை விரலால் பைய இழுத்துக் காட்டினாள். எள்ளுப் போலக் கறுப்பாக நாலைந்து புள்ளிகள். “நாந்தான் மருந்து வச்சேன்னே இருந்திருக்கப்படாதா, அய்யா?”

சந்தேகம் தீர்ந்தால் மனுஷனுக்கு நிம்மதி வரும் என்று சொன்னவன் எவனோ, அவன் ஒருநாள்கூட ஆஸ்பத்திரியில் சம்பளம் வாங்கியிருக்கமாட்டான்.